முதுகில் கேட்ட டிரம்ஸ்

எங்கள் பக்கத்துத் தமிழில் ‘வாங்கு’ என்பதற்குப் பொருள் ஒன்றல்ல. உட்காருகிற நீளப் பலகையும் வாங்குதான், பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைப்பதும் வாங்குதான். “வாங்கு செல்றாங்க, வாங்குல ஈந்து காலக் கீழ போடு” என்று உம்மா ஒரே மூச்சில் சொல்வார். எங்கள் பேச்சில் ‘செல்’ என்றால் சொல், ‘ஈ’ என்றால் இரு. எங்களுக்கு அது கொஞ்சமும் குழப்பமாக இருந்ததில்லை. வெளியூரிலிருந்து வந்த என் மனைவிதான் கல்யாணமான புதிதில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் எழுத வந்தது ஓர் ஆங்கில ரொக் இசைக்குழுவின் மேடைக் கச்சேரிப் படத்தைப் பற்றி. அதற்கும் வாங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இந்த இரண்டு வாங்கும் எங்கள் வீட்டில் இல்லாதிருந்தால் அந்தப் படத்தை நானாவும் நானும் வேறு மாதிரிப் பார்த்திருப்போம். போன வருஷம் அவருடைய மகளின் நிகாஹ்வில் நடந்ததும் நடந்திருக்காது.

நானா என்றால் என் ஒரே அண்ணன். எனக்கும் அவருக்கும் ஐந்து வயது வித்தியாசம். கட்டுகஸ்தோட்டையில் ஆற்றுக்கு மேலே, சரிவில் இருந்தது எங்கள் வீடு. வாப்பா கண்டி டவுனில் புடைவைக் கடை வைத்திருந்தார். காலையில் போனால் இரவுத் தொழுகையை டவுன் பள்ளியில் முடித்துக்கொண்டுதான் வருவார். அந்தக் காலத்தில் சவூதியில் சாரதியாக இருந்த எங்கள் பெரியம்மாவின் மகன், ஊர் திரும்பும்போது ஒரு பழைய வீடியோ டெக்கைக் கொண்டுவந்து எங்களுக்குத் தந்தார். மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு கசெட் கிடந்தது. யாருடையது, என்ன படம், அவருக்கும் தெரியாது.

போட்டுப் பார்த்தோம். பெரிய மைதானம், கொட்டுகிற மழை, நனைந்துகொண்டு நிற்கும் வெள்ளைக்காரச் சனம். மேடையில் தோள்வரை தலைமுடி வளர்த்த நான்கு பேர். சட்டை போட மறந்த பாடகர் ஒலிவாங்கியைக் கழுத்தைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு கத்தினார். என்ன பாடுகிறார் என்று ஒரு சொல்லும் விளங்கவில்லை. நானா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அது. வாப்பாவின் கண்ணில் பட்டால் கசெட் அடுப்புக்குள் போகும் என்பதால் அதன் முதுகில் பெரிய எழுத்தில் ‘கிரிக்கெட்’ என்று எழுதி அலுமாரியில் வைத்தார். பந்தைத் துரத்துவதற்கு ஐந்து நாளா என்று கேட்கிற மனிதர் எங்கள் வாப்பா. அதைவிடப் பத்திரமான பெயர் கிடையாது.

ஆனால் எங்கள் சாச்சா, வாப்பாவின் தம்பி, கிரிக்கெட் வெறியர். ஒரு விடுமுறை நாளில் வந்தவர் கசெட்டைக் கண்டதும் கேட்காமல் கொள்ளாமல் எடுத்துப் போட்டுவிட்டார். வாப்பா அடுத்த அறையில் இருந்தார். திரையில் மழை, சனம், வெறும் மார்போடு ஒரு ஆள். சாச்சா திரையைப் பார்த்தார், நானாவின் முகத்தைப் பார்த்தார், சத்தத்தைக் குறைத்தார். “என்ன மெட்ச்?” என்று உள்ளிருந்து வாப்பா கேட்டார்.

“மழ, நானா. வெளயாட்ட நிப்பாட்டி ஈக்கி” என்று தன் நானாவான வாப்பாவிடம் சொன்னார் சாச்சா.

அப்படிக் காப்பாற்றப்பட்ட கசெட் அது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, டியூஷன் இல்லாத நாட்களில்தான் பார்க்க முடியும். எப்போதும் முதலிலிருந்துதான் போடவேண்டும். நடுவில் தொடங்குவது அவர்களுக்கு மரியாதையில்லை என்பார் நானா. யாருக்கு என்று கேட்டால் முறைப்பார். அப்படிப் பார்த்துக்கொண்டு வந்தால், பாடகரும் மற்ற இருவரும் மேடையை விட்டுப் போய், டிரம்ஸ் அடிப்பவர் மட்டும் தனியாக வாசிக்கும் இடம் வரும். நீண்ட வாசிப்பு. அது தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், பொழுது சாய, மஃரிப் வாங்கு சொல்வார்கள்.

வாங்கு சொல்லும்போது வீட்டில் எந்தச் சத்தமும் கேட்கக்கூடாது. இது உம்மாவின் சட்டம். டெக்கை நிறுத்தலாமே என்றால், இடையில் நிறுத்தினால் அந்தக் கிழட்டு டெக் நாடாவைத் தின்றுவிடும். அதனால் நானா எழுந்து டீவீயின் சத்தத்தை மட்டும் முழுதாகக் குறைப்பார். படம் ஓடும். உம்மா முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு திரைக்கு முதுகைக் காட்டி உட்காருவார். மலைநாட்டில் இன்னொரு சங்கடம் உண்டு. எங்கள் பள்ளியில் வாங்கு முடிய, ஆற்றுக்கு அப்பால் இருக்கும் பள்ளியில் தொடங்கும். அது பாதியில் நிற்க, மேலே குன்றிலிருந்து இன்னொன்று. கடைசி வாங்கு முடியும்வரை சத்தம் கூட்ட உம்மா விட மாட்டார். முடிந்ததும் நாங்கள் பள்ளிக்கு ஓடவேண்டும். ஆகவே அந்த டிரம்ஸ் வாசிப்பை நாங்கள் காதால் கேட்டதே இல்லை என்று சொல்லலாம்.

கேட்கவில்லை, அவ்வளவுதான். தெரியாமல் இல்லை. நானா வாங்கில் உட்கார்ந்திருப்பார், நான் அவர் காலடியில் தரையில். வாங்கில் தட்டினால் உம்மாவுக்குக் கேட்கும். அதனால் நானா என் முதுகில் தட்டுவார். திரையில் அந்த மனிதரின் கை போகிற போக்கிற்கு, பத்து விரலாலும். சின்ன மேளங்களுக்கு விரல் நுனி, பெரிய மேளத்துக்கு உள்ளங்கை, தட்டுகள் மோதுவதற்கு என் இரண்டு தோளிலும் ஒரு வழித்தல். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்திருப்பேன். சத்தம் என் விலா எலும்புக்குள் கேட்டது. இப்போது நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஒலி பரவ ஊடகம் வேண்டும் என்று வருஷா வருஷம் எழுதிப் போடுகிறேன். ஊடகங்களின் வரிசையில் தம்பியின் முதுகை எந்தப் பாடப்புத்தகமும் சேர்க்கவில்லை.

அந்த வாசிப்பின் முடிவுதான் விசேஷம். டிரம்ஸ்காரர் இரண்டு அடி அடிப்பார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு சனத்தைப் பார்ப்பார். அடிக்க மாட்டார். மழை விழும், சனம் வாயைத் திறந்து நிற்கும், அவர் அடிக்கவே மாட்டார். நானாவின் கையும் என் முதுகுக்கு மேலே தொடாமல் நிற்கும். அந்தக் கை எப்போது விழும் என்று கூனிக்கொண்டு காத்திருப்பேன். கடைசியில் விழும் பாருங்கள், ஓர் அடி! அந்தச் சந்தோஷத்தை எனக்கு வேறெதுவும் தந்ததில்லை. உம்மா திரும்பிப் பார்க்கும்போது நாங்கள் இரண்டு பேரும் பச்சைப் பிள்ளைகள்போல் உட்கார்ந்திருப்போம்.

நானா படிப்பை முடித்ததும் வாப்பா அவருக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மிளகாய் மில் போட்டுக் கொடுத்தார். மிளகாய், மல்லி, மிளகு, அரிசி, எல்லாம் அரைப்பார்கள். தகரக் கூரைக்குக் கீழே இயந்திரங்கள் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. நானா முப்பது வருஷத்துக்கு மேல் அதற்குள் நின்றார். மில் அவருக்கு வீடு தந்தது, மகளைப் படிக்க வைத்தது, காதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டதை அவர் ஒத்துக்கொள்ளவே பல வருஷம் ஆனது. நாங்கள்தான் வாயை மென்று பேசுகிறோம் என்று ஏசுவார்.

முதலில் எங்களுக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. மாமா சுகமா என்று கேட்டால் மாங்காய் விலை சொல்வார். பிறகு வேடிக்கை தீர்ந்துவிட்டது. ஒரு சொந்தக்காரரின் நிகாஹ்வில், மௌலவி ஓதிக்கொண்டு வந்தவர் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். துஆப் பிரார்த்தனை முடிந்துவிட்டதென்று எண்ணி நானா பள்ளியே அதிர “ஆமீன்!” என்றார். காது கேளாதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. பின்வரிசையில் பொடியன்கள் சிரித்தார்கள். சாப்பாட்டில் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒருவர் வேறெதையோ பேசும்போது ‘செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி’ என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நானாவுக்கு அது மட்டும் எப்படியோ கேட்டிருந்தது. சோற்றை அளைந்துகொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை.

காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தோம். வீட்டுக்குள் ஓரளவு சரி. பள்ளியில் மின்விசிறியும் ஒலிபெருக்கியும் எதிரொலியும் சேர்ந்தால், “மில்லுக்குள்ள நிக்கிற மாதிரியே ஈக்கி” என்று கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

இந்த நிலையில்தான் அவருடைய மகளுக்குக் கல்யாணம் பேசி முடிந்தது. ஒரே பிள்ளை. எங்கள் வழக்கப்படி நிகாஹ்வில் பெண்ணின் வாப்பாதான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, மௌலவி கேட்டதும், என் மகளை உங்களுக்கு நிகாஹ் செய்து தந்தேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அவரால் முடியாவிட்டால் இன்னொருவரைப் பொறுப்பாக்கலாம். அது ஆகுமானதுதான், குற்றமில்லை. தேதி குறித்த அன்றே நானா என்னைக் கூப்பிட்டார்.

“நீ குடு” என்றார்.

“அவட வாப்பா நீங்க உசுரோட ஈக்கும்போது நான் என்னத்துக்கு?”

“எப்ப செல்லணும்னு எனக்குக் கேக்கிதில்ல, தம்பி. முந்திச் சென்னாலும் சிரிப்பாங்க, பிந்திச் சென்னாலும் சிரிப்பாங்க. என்னப் பாத்து சிரிச்சாக் காரியமில்ல. அவட நிகாஹ்ல சிரிப்பு வாணாம்.”

சொற்களை எழுதி வைத்துப் படியுங்கள் என்றேன். சொற்கள் மனப்பாடம், நேரம்தான் தெரியாது என்றார். நேரம் வந்ததும் நான் பின்னாலிருந்து ஒரு குத்துக் குத்துகிறேன் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் என்ன மாடா, குத்தினா நடக்க?” என்று எழுந்து போய்விட்டார். எனக்கும் கோபம்தான். கண்டதுக்கும் ரோஷம் பார்க்கிற மனிதர். ஆனால் மதினி, நானாவின் மனைவி, குசினியில் சமைத்துக்கொண்டே என்னிடம் சொன்னது வேறு. மகள் யாருக்கும் தெரியாமல் அழுகிறாளாம். “சாச்சா தந்தாலும் தந்ததுதான். ஆனா வாப்பா தந்த மாதிரி வருமா?” என்று கேட்டாளாம். அவளுக்குச் சாச்சா நான்தான்.

அவளிடம் வாப்பாவோடு வாதாடிப் பார்க்கச் சொன்னேன். பிள்ளை வாதாடவில்லை. அவள் செய்தது வேறு ஒன்று. சின்ன வயதிலிருந்து அந்தக் ‘கிரிக்கெட்’ கசெட்டின் கதையை நானா சொல்லக் கேட்டு வளர்ந்தவள். கசெட் என்றைக்கோ பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டது. வெளிநாட்டில் இருக்கும் கூட்டாளியொருத்தி மூலம், அதே கச்சேரியைப் புதிதாகத் துப்புரவாக்கி வெளியிட்டிருந்த டிவிடியை எடுப்பித்துவிட்டாள். திரையின் அடியில் எழுத்து ஓடும் பதிப்பு அது. அதற்காகத்தான் தேடித் தேடி எடுத்தேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எல்லோரும் நானா வீட்டில் கூடினோம். அதே வாங்கு. உம்மாவின் காலத்துக்குப் பிறகு இங்கே வந்திருந்தது. நானா மெஷினைக் காதில் போட்டுக்கொண்டு அதில் உட்கார்ந்தார். படம் தொடங்கியது. மழைத்துளி ஒவ்வொன்றும் தெரிந்தது. பாடகரின் பல்லில் ஓர் ஓட்டை இருந்தது, இத்தனை வருஷமாக எங்களுக்குத் தெரியாது. அவர் என்ன பாடினார் என்பதும் அன்றுதான் தெரிந்தது. வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு ஒரு பெண் போய்விட்டாளாம், இவர் வெளியே நிற்கிறாராம்.

“இதுக்கா இவ்வளவு கத்தினார்?” என்றார் நானா.

சிரித்தோம். ஆனால் நானாவின் முகம் நேரம் போகப் போக வாடியது. மெஷினைத் திருகிப் பார்த்தார், கழற்றினார், திரும்பப் போட்டார். சத்தத்தைக் கூட்டினோம், யன்னல் அதிர்ந்தது. அவருக்கு இரைச்சல்தான் வந்தது. கடைசியில் மெஷினைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு எழுத்தை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார். டிரம்ஸ் வாசிப்பு வந்தது. அதற்குத் திரையின் அடியில் ஒரே ஒரு வரி, ‘மேளம் தொடர்ந்து ஒலிக்கிறது’ என்று ஆங்கிலத்தில். அவ்வளவு நீண்ட வாசிப்புக்கும் அந்த ஒரு வரி. நானா அதை வாசித்தார். அந்தப் பிள்ளை ஆசைப்பட்டுச் செய்தது இப்படி ஆகிவிட்டதே என்று அவள் பக்கம் திரும்பவே முடியவில்லை.

அப்போது வாங்கு சொன்னார்கள். மதினி பழக்க தோஷத்தில் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டார். வீடு அமைதியாகிவிட்டது. திரையில் அந்த மனிதர் அடித்துக்கொண்டேயிருந்தார். இப்போது எங்கள் ஒருவருக்கும் கேட்கவில்லை. நானாவுக்குக் கேட்கிற அளவுதான் எங்களுக்கும்.

நான் எழுந்து வாங்கிற்குப் பின்னால் போய் நின்றேன். யோசித்துச் செய்யவில்லை. நானாவின் முதுகில் தட்டத் தொடங்கினேன். அவர் திடுக்கிட்டார், திரும்பவில்லை. சின்ன மேளங்களுக்கு விரல் நுனி, பெரிய மேளத்துக்கு உள்ளங்கை. நரைத்த பிடரியைப் பார்த்துக்கொண்டு தட்டினேன்.

“பிழ” என்றார் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். “அதுல ரெண்டில்ல, மூணு.”

திருத்தித் தட்டினேன். முடிவு வந்தது. இரண்டு அடி. டிரம்ஸ்காரர் கையைத் தூக்கினார், நானும் தூக்கினேன். ஆற்றுக்கு அப்பால் வாங்கு முடிந்து குன்றில் தொடங்கியது. நானா கூனிக்கொண்டு காத்திருந்தார். விழுந்தது அடி. நானா வாய்விட்டுச் சிரித்தார், மதினி வாயில் விரலை வைத்து வாங்கு வாங்கு என்று சாடை காட்ட, அவர் கேளாமல் இன்னும் சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நிகாஹ்ல எனக்குப் பின்னால நீ இரி” என்றார். “குத்த வாணாம். இத அடி.”

மௌலவியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தோம். மனிதர் நல்லவர். துண்டு துண்டாகச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை, அவரே முழுதாகச் சொல்லட்டும், நேரம் வந்ததும் நான் தலையசைக்கிறேன் என்றார். நிகாஹ் எங்கள் பள்ளியில். ஆண்கள் கீழே, பெண்கள் மேல்மாடியில் மறைப்புக்குப் பின்னால். மேலே உள்ள ஒலிபெருக்கி என்றைக்கு ஒழுங்காக வேலை செய்தது? கல்யாணப் பெண் மேலே உட்கார்ந்திருப்பாள், கீழே தன் நிகாஹ் முடிந்ததை யாராவது ஓடிவந்து சொன்னால்தான் அவளுக்குத் தெரியும். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

நானா வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தார். நான் அவருக்குப் பின்னால். என் முழங்கால் அவர் முதுகில் இடிக்கிற நெருக்கம். மௌலவி நிகாஹ்வுக்கு முன் ஓதும் குத்பாவை ஓதினார். பின்வரிசையில் பொடியன்கள் இருந்தார்கள். ஓதல் முடிவதைக் கண்டதும் நானாவின் முதுகில் உள்ளங்கையால் இரண்டு தட்டினேன். மாப்பிள்ளையின் கையை அவர் பிடித்துக்கொண்டார். என் கை மேலே தூக்கியபடி நின்றது.

அந்த நேரம் பார்த்து மௌலவிக்கு இருமல் வந்தது. இருமி, தண்ணீர் குடித்து, பதிவுக்காரரிடம் ஏதோ கேட்டார். சாட்சிக்காரர் ஒருவர் கண்ணாடியைத் தேடினார். என் கை வலித்தது. எதிரே இருந்தவர்கள், இந்த ஆள் எதற்குத் தன் நானாவை அடிக்கக் கை ஓங்கிக்கொண்டிருக்கிறான் என்று பார்த்தார்கள். நானா ஒன்றையும் பார்க்கவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கை விழும்வரை காத்திருந்தார். அவர் முந்தவேயில்லை. அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மௌலவி தலையசைத்தார். அடித்தேன்.

“என் மகள!” என்று தொடங்கினார் நானா. பள்ளி அதிர்ந்தது. பேசிய மஹர்ப் பணத்துக்கு அவளை உங்களுக்கு நிகாஹ் செய்து தந்தேன் என்று, மில்லுக்குள் நின்று சொல்கிற குரலில், ஒரு சொல் தடுக்காமல் முழுதாகச் சொல்லி முடித்தார். மாப்பிள்ளைப் பொடியன் பயந்தே போனான். ஏற்றுக்கொண்டேன் என்று அவன் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

பிறகு பெண்கள் கீழே இறங்கி வந்தார்கள். மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து வாப்பாவின் இரண்டு கையையும் பிடித்தாள். அழுதுகொண்டே ஏதோ சொன்னாள். சத்தம் வரவில்லை, உதடுதான் அசைந்தது. நானாவுக்கு விளங்கவில்லை. “என்ன செல்றா?” என்று என்னிடம் கேட்டார்.

அவள் வாயருகே காதை வைத்துக் கேட்டுவிட்டு, அவர் காதுக்குள் குனிந்து கத்தினேன். “நீங்க சென்னது மேல கேட்டிச்சாம்! அவக்கிட்ட ஒத்தரும் வந்து செல்லத் தேவப்படல்லயாம்!”

நானா அவளைப் பார்த்தார். “கேட்டிச்சா?” என்றார். அவள் வாயால் பதில் சொல்லவில்லை. அவர் தோளைப் பிடித்துத் திருப்பி, முதுகில் ஓர் அடி அடித்தாள்.